கதவைச் சாத்துங்கள்

டிசம்பர் 8

நாய்வண்டிப் பந்தயக் குழுவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். போட்டியாளர்களைப் பற்றிச் சிறு புத்தகம் போடுகிறார்களாம், என் பின்னணி நாலு வரி வேண்டுமாம். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, குஸ்கோக்விம் ஆற்றங்கரை, சொந்த நாய்கள் என்றேன்.

"வேற ஏதாவது... சுவாரசியமா?"

"போன வருஷம் என் வீட்டு வாசல்லயே பந்தயத்தை விட்டேன். அதையும் போட்டுக்குங்க."

போடட்டும். ஊரே பார்த்ததுதானே!

டிசம்பர் 9

தூக்கம் வரவில்லை. எழுதினாலாவது போகுமா பார்க்கிறேன்.

பந்தயம் ஆற்றுப் பனிக்கட்டி மேலேயே போகிறது. பாதி வழியில் எங்கள் ஊர். போன வருஷம் இங்கே வந்தபோது நான் மூன்றாவது. கரை முழுக்க ஜனம். பிள்ளைகள் ஒவ்வொரு நாயையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா மீன் சாற்றுப் பானையோடு வாசலில் நின்றாள். வழியில் யாரிடமும் தனியாக உதவி வாங்கக் கூடாது என்பது விதி. எனக்குத் தெரியும், நாய்களுக்கு யார் சொல்வது? முன்னால் ஓடிய நாய் துலு நேராக எங்கள் முற்றத்துக்குள் திரும்பியது. எல்லாம் அதனதன் கூண்டு முன்னால் சுருண்டு படுத்துக்கொண்டன. கெஞ்சினேன். இழுத்தேன். எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் ஊர் பார்க்க விலகல் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

கர்ட் லிண்டால் கடந்து போனான். நகரத்துக்காரன், அறுபது நாய், லாரி, சொந்தமாகக் கால்நடை மருத்துவர். போகிற போக்கில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "வீட்டு நாயை வீட்டுலயே விட்டுடணும்மா. பந்தயத்துக்கெல்லாம் கூட்டிட்டு வரக் கூடாது."

பார்க்கிறேன்டா. நீயா நானா பார்க்கிறேன்.

டிசம்பர் 15

தினமும் பள்ளிக்கூடம் முடிந்ததும் வீட்டைத் தாண்டி ஓட்டிப் பழக்குகிறேன். தினமும் வீட்டுக்குள் திரும்புகின்றன. தம்பி ஏவன் ஆற்றில் பனியை உடைத்து வலை இழுத்துக்கொண்டே வேடிக்கை பார்க்கிறான். சால்மன் பிடிக்க இந்த வருஷமும் தடை. அவன் பிடிக்கும் வெள்ளை மீன்தான் நாய்களுக்குச் சாப்பாடு, அதனால் அவன் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அக்கா, வெளியூர் நாய் ஒண்ணை வாங்கி முன்னால கட்டு. அதுக்கு உன் வீடும் தெரியாது, அம்மா பானையும் தெரியாது."

முடியாது என்றேன். துலு என் சமையல் மேசைக்கு அடியில் பிறந்தது. இந்த ஆற்றில் எங்கே பனி மெலிந்திருக்கிறது என்று என்னைவிட அதற்குத் தெரியும். ஜெயித்தாலும் தோற்றாலும் எங்கள் ஊர் நாய்களோடுதான்.

டிசம்பர் 18

இன்றும் திரும்பிவிட்டன.

டிசம்பர் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகாமல் நாய்களை ஓட்டினேன். ஊரே கோயிலுக்குள் இருந்தது. வீடு வந்தது... துலு தலையைத் திருப்பிப் பார்த்தது, அப்படியே ஓடியது. மற்றதெல்லாம் அதன் பின்னால்! வளைவு தாண்டியபின் வண்டியை நிறுத்திவிட்டு நடு ஆற்றில் உட்கார்ந்து சிரித்தேன். பைத்தியம் மாதிரி.

அப்படியானால் அவற்றை இழுப்பது வீடு இல்லை. ஆட்கள்தான். எங்கள் குரல், எங்கள் புகை, எங்கள் வாசம்.

பூசையை விட்டதற்கு அம்மா திட்டித் தீர்த்தாள். ஒன்றுமே காதில் ஏறவில்லை.

ஜனவரி 8

கேட்டுவிட்டேன்.

பழைய நாட்காட்டிப்படி எங்களுக்கு நேற்றுதான் கிறிஸ்துமஸ், நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே வீடு வீடாகப் பாடி வருகிறது. எங்கள் வீட்டில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்து, சாறு குடித்து, கொழுப்பில் பிசைந்த காட்டுப்பழம் சுற்றிவரும்போது எழுந்து நின்றேன்.

"பந்தயம் நம்ம ஊர் வழியா போற அன்னைக்கு யாரும் வெளியே வராதீங்க. கதவைச் சாத்துங்க, திரையைப் போடுங்க. அடுப்பை அணைச்சு வையுங்க. பிள்ளைங்க கூப்பிடவே கூடாது."

மீன் வலை பின்னும் பீட்டர் மாமாதான் கேட்டார்: "எழவு வீடு மாதிரியா?"

"ஆமா மாமா. எழவு வீடு மாதிரிதான்."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லாக் கதவும் திறந்திருக்கிற நாள்ல கதவைச் சாத்தச் சொல்றியே, உனக்கு வாய் கூசலையாடி? போன வருஷம் உன்னைப் பார்க்க வந்த சனத்துக்கு இதுதான் மரியாதையா?"

"அந்தச் சனம் வந்ததாலதாம்மா நான் போகல."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். ஆனால் பொய்யா அது?

எல்லோரும் போனபின் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஊரு சாத்தினா சாத்தட்டும். நான் சாத்த மாட்டேன். என் மக என் வாசல் வழியா போவா, நான் உள்ள ஒளிஞ்சு உட்காரணுமோ? நிப்பேன். வாசல்லதான் நிப்பேன்."

என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் என்னைக் கேட்கவே வேண்டாம்.

ஜனவரி 14

அம்மா பேசுவதில்லை. பாதத்தில் பனி குத்தாமலிருக்க நாய்களுக்குக் காலுறை மட்டும் தைத்துக்கொண்டே இருக்கிறாள். மேசை மேல் சிவப்பு மலையாகக் குவிந்திருக்கிறது.

ஜனவரி 23

நாளை காலை புறப்பாடு. ஆற்று முகத்துவாரத்து நகரில், போட்டியாளர் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் கர்ட் ஆரம்பித்தான்.

"இந்த வருஷம் வீட்டுல என்ன சமையல், நாஸ்தாசியா?"

சிரிப்பு.

"வெள்ளை மீன் சாறு. உங்களுக்கும் எடுத்து வைக்கச் சொல்றேன். என்ன, நீங்க வர்றதுக்குள்ள ஆறிப் போயிடும்."

இதற்குச் சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. வெளியே வந்தபின்தான் அம்மா நினைப்பு வந்தது. அம்மா வாசலில் நின்றால் எல்லாம் முடிந்தது. துலு அம்மாவைத் தாண்டிப் போகுமா? அம்மா கையில்தானே அது கண் திறந்தது.

ஜனவரி 25

எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில், பள்ளிக்கூடத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரல் மடங்கவில்லை.

வளைவு திரும்பியதும் ஊர் தெரிந்தது. ஒரு புகை இல்லை. ஒரு குரல் இல்லை. எல்லா ஜன்னலிலும் போர்வை. பீட்டர் மாமா தன் பனி மோட்டார் வண்டியைக்கூடத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். பந்தயக்குழு அனுப்பிய வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும் கரையில் வருகைத் தாள் செருகிய பலகையோடு நின்றார். "என்னங்க, ஊர்ல யாருமே இல்லையா?" என்றார். எல்லாரும் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எத்தனை கைக்குழந்தைகள் இருக்கிற ஊர், ஒன்றுகூட அழவில்லை!

அப்புறம் எங்கள் வீடு.

அம்மா நின்றாள். சொன்ன மாதிரியே, வாசலில். ஆனால் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள். மேலே ஏவனுடைய பழைய அங்கி, ஜெனரேட்டர் எண்ணெயில் குளித்த அழுக்கு அங்கி. தொப்பியை இழுத்து மூடியிருந்தாள். அவள் வாசம் துளியும் வெளியே வராது.

துலுவின் காது நிமிர்ந்தது. வேகம் குறைந்தது. ஒரு கணம். பிறகு கழுத்தை நீட்டி இழுத்தது, எல்லாம் இழுத்தன. வண்டிதான் கனத்தது. ஏன் என்று குனிந்து பார்த்தால் என் கால் பிரேக்கின் மேல் இருக்கிறது. நாய்கள் நிற்கவில்லை. நான்தான் நிற்கப் பார்த்தேன்.

அம்மா, ஒரு தடவை திரும்பேன் என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக் காலை எடுத்தேன். அவள் திரும்பவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வளைவுவரை அழுதேன், இமையெல்லாம் பனி ஒட்டிக்கொண்டது.

ஜனவரி 27

ஆறாவது. கர்ட் எட்டாவது! ஊரே சேர்ந்து எனக்கு உதவியது விதிமீறல் என்று புகார் கொடுத்தான். நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"கதவைச் சாத்தக் கூடாதுன்னு எங்கயும் போடலையே கர்ட்."

ஜனவரி 31

வீடு. இப்போது எல்லாக் கதவும் திறந்திருந்தது. துலுவைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். அது ராஜா மாதிரி உட்கார்ந்து போயிற்று.

அம்மா சாற்றை ஊற்றி முன்னால் வைத்தாள். எண்ணெய் வாடை இன்னும் அவள் தலைமுடியில் இருந்தது.

"சாத்த மாட்டேன்னு சொன்னேன். சாத்தல. பார்த்தியா?"

"பார்த்தேம்மா."

"நீ வர்ற வண்டிச் சத்தம் வளைவுலயே கேட்டுச்சு. அப்ப திரும்பினவ, அது கேக்காம போற வரைக்கும் சுவத்தையே பார்த்துட்டு நின்னேன். கழுத்து இன்னும் வலிக்குது." என் கிண்ணத்தில் இன்னொரு துண்டு மீனைப் போட்டாள். "வீட்டுக்கிட்ட வந்து மெதுவாப் போன இல்ல? அடுத்த வருஷம் கொஞ்சம் வேகமா போடி."