இல்லை என்று சொன்ன நிரல்

“இல்லைன்னு எதை வெச்சுடி அவ்வளவு தைரியமா சொல்லுது?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டாயே, நினைவிருக்கிறதா? அடையாறு ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில், மடியில் பழைய மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறேன். சற்று முன் ஒரு பெண் பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்துப் போனாள். அந்த நெடியில் உன் வேதியியல் ஆய்வகம் வந்து நின்றது, கூடவே உன் கேள்வியும் வந்துவிட்டது. உள்ளே உன் மகள் நித்யா கண் திறக்காமல் கிடக்கிறாள்.

நம் மயிலாப்பூர் பள்ளியில் கணினிக்கு ஆள் போதாமல், வேதியியல் நடத்திய உன் தலையிலும் சி நிரல்மொழி வகுப்புகளைக் கட்டினார்கள். மாலையில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாய். கற்றுக்கொள்ள வந்தவள் மாதிரி இருக்காது, சண்டைக்கு வந்தவள் மாதிரிதான் இருக்கும். அன்று ஒரு சரத்துக்குள், அதாவது எழுத்துத் தொடருக்குள், இன்னொன்றைத் தேடும் strstr என்ற கட்டளை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயரையே எடுத்துக்காட்டாக வைத்தேன். ‘mylapore’ என்பதில் ‘lap’ தேட வேண்டும். முதல் எழுத்து m, பொருந்தவில்லை, ஓர் எழுத்து நகர்கிறது. y, அதுவும் இல்லை. அடுத்தது l, பிறகு a, பிறகு p. பொருந்தியது. அது தொடங்கும் இடத்தைச் சொல்லிவிடும். கடைசிவரை பொருந்தாவிட்டால் NULL, அதாவது இல்லை.

உனக்குத் திருப்தியில்லை. உப்புச் சோதனையில் ஒன்று இல்லை என்று எழுதுவதற்கு முன் உறுதிச் சோதனை செய்யாத பிள்ளைக்கு நீ மதிப்பெண் போட்டதே கிடையாது. கொடுத்த சரத்தை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அது சொல்கிறது என்றேன்.

“குடுத்ததை முழுசாப் பாத்துச்சு, சரி. நீ முழுசையும் குடுத்தியா?”

டீ ஆறுகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு தேடும் நிரல் எழுதினோம். கோப்பை வரி வரியாக, வரி நீண்டால் எண்பது எழுத்துத் துண்டுகளாகப் படிக்கும், ஒவ்வொரு துண்டிலும் தேடும், கிடைத்தால் அந்தத் துண்டைத் திரையில் காட்டும். கிடைக்காவிட்டால் ‘illai’ என்று வர வேண்டும் என்பது உன் ஆசை. உன் ஆய்வகத்து ரசாயனப் பெயர்களை வைத்துச் சோதித்தோம். வரிக்கு ஒரு பெயர், எல்லாம் குட்டை வரிகள். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

உன் மருமகன் கார்த்திக் போன் செய்தபோது நித்யாவுக்கு நினைவு தப்பியிருந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்திருக்கிறார்கள், மூளைச் சவ்வில் தொற்றாம். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு, “ஏதோ ஒரு ஊசி ஆகாதுன்னு அத்தை சொல்வாங்க, எதுன்னு தெரியலையே பெரியம்மா” என்று அழுதான். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், எனக்கும் பாதிதான் தெரியும். அவள் கல்லூரியில் படிக்கும்போது ஏதோ ஊசி போட்டு முகம் வீங்கி, மூச்சு முட்டியது. நான் அப்போது மகனோடு மஸ்கட்டில் இருந்தேன். எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதுவாய், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து. அந்த அஞ்சல்கள் மொத்தமும் ஒரே கோப்பாக இந்த மடிக்கணினியில் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

“இன்னாமா, பொட்டிய இப்டி கட்டிப் புடிச்சிக்கினு வர்ற? உள்ள தங்கமா கீது?” என்றார் ஆட்டோக்காரர்.

“தெரியலப்பா, சீக்கிரம் போ” என்றேன்.

டாக்டர் சின்னப் பெண். பதற்றத்தைக் காட்டாமல் பேசினாள். “பெனிசிலினா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா. இல்லேன்னா அதைத்தான் இப்ப போடணும்.” அவ்வளவு பெரிய கோப்பைத் திறந்தால் திரை வெளுத்து, அப்படியே நின்றுவிட்டது. பக்கத்திலேயே நம் பழைய நிரல் இருந்தது. ‘penicillin’ என்று கொடுத்தேன்.

‘illai’.

“இல்லைம்மா” என்றேன் டாக்டரிடம். கார்த்திக் கையெழுத்துப் போட்டான். நர்ஸ் உள்ளே போனாள்.

அதன் பிறகுதான் ‘சதுரம்’ என்ற சொல் நெஞ்சில் தட்டியது. அந்த ஊசியைப் பற்றி எழுதும்போது ஏதோ ஒரு சதுரத்தைப் பற்றி எனக்குப் பாடமே நடத்தியிருந்தாய். ‘sadhuram’ என்று தேடினேன். ஒரு துண்டு வந்து விழுந்தது. அந்த மருந்தோட மூலக்கூறுல சின்ன சதுரம் மாதிரி ஒரு வளையம்டி, அதுதான் வம்பு பண்ணுது என்று எழுதியிருந்தாய். அந்தத் துண்டின் தொடக்கத்தில், தலையில்லாமல், நான்கு எழுத்துகள் நின்றன: llin.

மூட்டு வலியை மறந்து ஓடினேன். கதவைத் தள்ளி, “போடாதீங்க, போடாதீங்க” என்று கத்தினேன். நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்திருந்தாள், இன்னும் போடவில்லை.

பிறகு முந்தைய துண்டையும் எடுத்து டாக்டருக்குக் காட்டினேன். அது ‘penici’ என்று முடிந்திருந்தது. எட்டுப் பாரா எழுதினாலும் நீ ஒருமுறைகூட Enter தட்ட மாட்டாய். மூச்சு விட்டு எழுதேன்டி என்று எத்தனை தரம் திட்டியிருப்பேன். உன் நீண்ட வரியை நிரல் எண்பது எண்பதாக வெட்டியபோது, வெட்டு அந்தச் சொல்லின் நடுவில் விழுந்தது. இந்தத் துண்டைக் கேட்டால் இல்லை, அடுத்த துண்டைக் கேட்டாலும் இல்லை. இரண்டும் பொய் சொல்லவில்லை. தி.நகரில் புடவை வாங்கும்போது கடைக்காரரைக் கெஞ்சவிட்டு ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துக் காட்டச் சொல்வாயே, பழுது மடிப்பில்தான் ஒளியும் என்பாயே. நான் மடிப்பைப் பிரிக்காமலே பதில் சொல்லிவிட்டேன்.

இப்போது வேறு மருந்து ஏறுகிறது. காய்ச்சல் இறங்கவில்லை. இனி உடம்பு ஒத்துழைக்க வேண்டும் என்று மட்டும் டாக்டர் சொல்கிறாள். கார்த்திக் அடிக்கடி வந்து, “அத்தை வேற ஏதாவது எழுதியிருக்காங்களா, பாருங்க பெரியம்மா” என்கிறான். எழுந்து போகவும் மனம் வராமல் தேடிக்கொண்டே இருக்கிறேன். சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்ததா? இப்படி நினைவு தப்பி, பிறகு எழுந்ததுண்டா? எப்படி எழுந்தாள்? உன் வத்தக்குழம்பு வருகிறது, மாமியார் சண்டை வருகிறது, என் பிறந்தநாளுக்கு நீ எழுதிய கிண்டல் வருகிறது. கேட்டது வரவில்லை. நீ இருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவாய்.

நிரலைத் திருத்திவிட்டேன். இப்போது அது ஒவ்வொரு துண்டின் வால் எழுத்துகளையும் அடுத்த துண்டின் தலையில் ஒட்டிக்கொண்டு போகிறது. வெட்டுப்பட்ட சொல் இனி தப்பாது. ‘illai’ என்று வந்தால் இனி நம்பலாம். நம்பத்தான் பயமாக இருக்கிறது. அதனால் தேடும் சொல்லை மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன்.

இந்த மடலை வேறு யாராவது படித்தால், அவர்களுக்கு ஒன்றே ஒன்று. Enter தட்டாமல் நீளமாக ஒரு வரியை ஆங்கில எழுத்தில் ஒரு கோப்பில் எழுதுங்கள். திருத்தாத எங்கள் பழைய நிரல் மாதிரி ஒன்றை விட்டு, அதை எட்டு எட்டு எழுத்தாகப் படிக்கச் செய்யுங்கள். வெட்டு விழும் இடத்தில் உங்களுக்கு வேண்டிய ஒருவரின் பெயரை வைத்து, அவரைத் தேடச் சொல்லிப் பாருங்கள்.