செங்காந்தளும் பக்ரீத் ஆடும்

ஜைதூன்,

நீ கச்சேரி ரோடு பள்ளிவாசலுக்கு ஓதின தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் இதை எழுதி அரிசி டின் மேல் வைக்கிறேன். நான் ட்ராம் பிடித்து வேப்பேரிக்கு மாட்டு டாக்டரை அழைத்துவரப் போகிறேன்.

ஆடு படுத்துக் கிடப்பது நீ வைத்த கஞ்சியால் இல்லை. நேற்று என் செங்காந்தள் கொடியைக் கத்தரித்தேன். வெட்டிய தழையை நீ முருங்கைத் தழை வைக்கிற கூடையில் போட்டுவிட்டு மறந்துபோனேன். விளக்கு வைக்கிற நேரத்தில் நீ பார்க்காமல் அதையும் சேர்த்து ஊட்டியிருக்கிறாய். காலையில் "என் கையாலயே கெடுத்துட்டேனே" என்று நீ அழுதபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

தரமணியிலிருந்து அந்தக் கிழங்கைக் கொண்டுவந்து நட்ட அன்றே, "ஆடு வளக்கிற வூட்ல வெசச்செடி இன்னாத்துக்கு?" என்று கேட்டாய். நான்தான் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

ரொட்டி மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு. ஆட்டுக்குத் தண்ணீர் மட்டும் காட்டு. உன் அண்ணன் வந்து கேட்டால் தப்பு என்னுடையது என்று சொல். நோய்ப்பட்டதைக் குர்பானி கொடுக்கக் கூடாது. வேறு ஆட்டுக்கு நான் அலைகிறேன். இது பிழைத்தால் உன்னோடேயே இருக்கட்டும்.

வலியுல்லா

மறந்துவிட்டேன்: கொடியைப் பிடுங்கத்தான் தோட்டத்துக்குப் போனேன். ஒரு மொட்டு விரிந்துகொண்டிருந்தது, கை வரவில்லை. நீயே கிழங்கோடு தோண்டிப் போடு. கையில் துணி சுற்றிக்கொள். நான் திரும்புவதற்குள் செய்துவிடு, இருந்தால் தடுத்துவிடுவேன்.