ஆண்டாயி அள்ளிய கொழுந்து

கோத்தகிரி
14.2.1977

அன்பு மகள் பொன்னாயிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை ஆண்டாயி மூவரும் குளிரில் விறைத்தாலும் சுகமாகவே இருக்கிறோம். அங்கே இலங்கையில், ஹட்டனில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மா துணை. ரேடியோ நாடகம் கேட்டுவிட்டுப் பேரன் பக்கத்து லயத்துப் பிள்ளைகளை வில்லன் என்று சொல்லி அடிக்கிறான், ரேடியோவை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டாய் போ.

போன மாதம் எஸ்டேட் மைதானத்தில் திரை கட்டிப் படம் போட்டார்கள். கதாநாயகன் ஜமீன்தார் களஞ்சியத்தை உடைத்து ஏழைகளுக்கு நெல்லை வாரி இறைக்கிறான். விசில் அடித்ததில் உன் அப்பன்தான் முதல் ஆள். அதோடு விட்டேனா, இருக்கிறவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பது திருட்டே இல்லை என்று லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பிரசங்கம் வேறு. ஆண்டாயி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் லயத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பேச்சி உன்னைப் போல் சின்னவள்தான், புருஷன் இல்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கக் கை இன்னும் பழகவில்லை, எடை குறைந்தால் அரை நாள் சம்பளம்தான். இப்படியே போனால் பெயரை வெட்டிவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார், பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போச்சு. அப்புறம் திடீரென்று பேச்சியின் எடை ஏறியது, மலையிலேயே கைக்காரி என்று பெயர் வாங்கிய உன் அம்மாவுக்கு எடை இறங்கியது. நிறுக்கிற இடத்தில் மூட்டை தூக்குகிற எனக்கு மானம் போயிற்று. வயதாகிவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று வீட்டில் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் மூளை அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் மேஸ்திரி, யார் கூடையில் திருடினாய், நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு என்று பேச்சியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒன்றும் புரியாமல் அழுகிறாள். அப்போது நம் ஆண்டாயி முன்னால் வந்து, அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும்போதெல்லாம் அம்மா கூடையிலிருந்து அள்ளி அந்த அக்கா கூடையில் போட்டது நான்தான் என்றாள். எனக்கு வந்ததே கோபம், திருட்டுக் கழுதை என்று கையை ஓங்கிவிட்டேன். பிள்ளை பயப்படவே இல்லை. "நீங்கதானே அப்பா, அது திருட்டு இல்லைன்னு சொன்னீங்க?" என்றாள். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தேன். மொத்த எஸ்டேட்டும் என்னையே பார்த்தது.

உன் அம்மாதான் முன்னால் வந்தாள். "என் கூடைக் கொழுந்துங்க. நாந்தான் குடுத்தேன்னு வெச்சுக்குங்க" என்றாள். மேஸ்திரி நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். பேச்சி இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், உன் அம்மா பக்கத்திலேயே நின்று கொழுந்து எடுக்கப் பழகுகிறாள். கொடுப்பது நல்லதுதான், ஆனால் கூடைக்காரரைக் கேட்டுவிட்டுக் கொடு என்று ஆண்டாயிக்குப் புத்தி சொன்னேன். படத்தில் அந்த ஜமீன்தாரைக் கேட்டார்களா என்கிறாள் தாயி.

அதனால் ரேடியோவை நிறுத்தாதே. நீயும் கூட உட்கார்ந்து கேள், யார் அடி வாங்கும்போது நீ சிரிக்கிறாய் என்று பார்த்துக்கொள். நேற்று மறுபடியும் படம் போட்டார்கள். ஆண்டாயி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விசிலுக்கு எழும் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு படம் முடியும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்களும் இங்கே வந்து சேருவதற்கான பாஸ்போர்ட் காரியம் என்னாயிற்று என்று மறக்காமல் எழுது. பேரனுக்கு என் முத்தம். எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அப்பா,
முத்துவேல்