பத்துக்கு இரண்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் மானம் மட்டும் கொஞ்சம் படுத்திருக்கிறது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், உன் இருமல் விட்டதா என்று எழுது.

போன செவ்வாய்க்கிழமை வகுப்பிலிருந்து உனக்கு ஒரு செய்தி அனுப்பினேனே, அது செய்த கூத்தைக் கேள். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் சும்மாதானே இருக்கிறாள் என்று என்னை ஒரு குழுவில் போட்டார்களே, டீச்சர்கள் பெரிய திரை, கம்ப்யூட்டர் எல்லாம் வைத்து எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று பார்த்து மார்க் போட, அதற்குத்தான் போயிருந்தேன். பாடம் எடுத்தது புதிதாகச் சேர்ந்த பெண். ஐந்துக்குக் கீழே மார்க் வாங்கினால் அவள் வேலை நிரந்தரமாகாது. போனைத் திரையோடு இணைக்க முடிகிறதா என்பது படிவத்தில் முதல் கேள்வி. என் போனையே கொடுத்து இணைக்கச் சொன்னேன், இணைந்தது, டிக் போட்டேன். திரும்பத் துண்டிக்க வேண்டும் என்பது இந்த மரமண்டைக்கு ஏறவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற கண்ணாடியை மாட்டினேன், அதைப் போட்டால் பத்தடிக்கு அப்பால் எனக்கு எல்லாம் புகைதான். அப்போதுதான் உனக்கு எழுதினேன், எனக்கு இதில் ஒரு மண்ணும் புரியவில்லை, பத்துக்கு எவ்வளவு போடலாம் சொல்லு என்று. நீயும் உடனே, அம்மா முதல்ல போனை வெச்சிட்டு பாடத்தைக் கவனி என்று பதில் போட்டாய். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வகுப்பில் ஒழுங்கு இல்லை என்று எழுதினேன். அந்தப் பெண் சட்டென்று திரையை அணைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள். திரையைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று எழுதி இரண்டு மார்க் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நானோ கூடத்துக்கு மார்க்கே போட்டவள். அவள் படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை பஸ் நிறுத்தத்தில் அந்த வகுப்புச் சிறுமி ஒருத்தி, டீச்சர், உங்க பையன் சொன்ன மாதிரி இப்பல்லாம் பாடத்தைக் கவனிக்கிறீங்களா என்று கேட்டாள். உனக்கெப்படி என் பையனைத் தெரியும் என்று அதட்டினேன். குழந்தை எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. நாம் எழுதியதெல்லாம் திரையில் ஆளுயரத்துக்கு ஓடியிருக்கிறதடா!

அப்படியே மார்க்கை மாற்றக் கல்வி ஆபீசுக்கு ஓடினேன். காரணம் எழுதிக் கொடுத்தால்தான் படிவத்தைத் திருப்பித் தருவேன் என்றார் கிளார்க். கூட்டலில் பிழை என்று எழுதிவிடலாமா என்று ஒரு நிமிடம் சபலம் தட்டியது. முப்பத்து நாலு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் அப்படி எழுதினால் எவன் நம்புவான்? நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன். கிளார்க் அதைப் படித்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். படிக்கட்டும்.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. வேறொருவர் போய்ப் பார்த்து ஒன்பது போட்டிருக்கிறார், அவள் வேலை நிரந்தரம். என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதற்கு உன் அப்பா ரொம்ப நியாயம் என்கிறார். நானே பள்ளிக்கூடம் போய், உன் பிழைப்பே போயிருக்குமே, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே பெண்ணே என்று கேட்டேன். சொல்லத்தான் வந்தேன் டீச்சர், நீங்க அவ்வளவு கர்வமா உட்கார்ந்திருந்தீங்க, அதை உடைக்க மனசு வரல என்றாள். அவள் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டேன் கண்ணா.

மருமகளிடம் இதைச் சொல்லாதே, சொல்லாமல் இருக்க மாட்டாய் என்றும் தெரியும். மாத்திரையை வேளை தவறாமல் போடு. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. உன் தப்பைப் பார்த்தும் உன்னைக் காட்டிக் கொடுக்காத ஒரு ஆள் உன் ஆபீசிலும் இருக்கட்டும். அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு நீ மார்க் போட உட்கார்ந்துவிடாதே.

பிரியமுள்ள
அம்மா