பட்டணம் சுற்றிக் காட்டிய டிரைவர்

போடிநாயக்கனூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே யாரும் சுகமில்லை. உன் சுகத்தையும் நான் விசாரிக்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய். எடுத்தால் நீ அழுவாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். கடுதாசிக்குள் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

சனி, ஞாயிறு லீவு, மெட்ராஸைச் சுற்றிப் பார்க்கலாம் வாங்கப்பா என்று கூப்பிட்டாய். ஏலக்காய் எடுப்பு நடக்கிறது, மலையை விட்டு வர முடியாது என்றேன். தோட்டம் பெரிசா நான் பெரிசா என்று கேட்டாய். கங்காணி சின்னமுத்துவின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு வந்தேன். வந்தவனை என்ன செய்தாய்? வெட்டப் போகிற கிடாய்க்கு மாலை போட்டு ஊர் சுற்ற விடுகிற மாதிரி, கோட்டை, மியூசியம், சாந்தோம், லைட்ஹவுஸ் என்று சுற்ற விட்டாய்.

திரும்பி வரும்போது, ரயில் அரக்கோணம் தாண்டியதும் உன் அம்மா மெல்ல வாயைத் திறந்தாள். இரண்டு நாளும் நமக்குக் கார் ஓட்டிய பையன் வாடகைக் கார் டிரைவர் இல்லையாம். உன்னோடு வேலை பார்க்கிறவனாம். பெயர் ராம்பிரசாத்தாம். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ நிற்கிறாயாம். ஓடுகிற ரயிலில் நான் எங்கே இறங்குவது? டிரைவர் என்று சொன்னால்தான் அப்பா மனசுவிட்டுப் பழகுவார் என்று திட்டம் போட்டது நீ. ஒரு மாதமாகத் தெரிந்தும் மூச்சு விடாதவள் உன் அம்மா. தாயும் மகளும் சேர்ந்து என் காதில் நன்றாகப் பூச்சுற்றினீர்கள்.

அவனை நான் என்ன பாடு படுத்தினேன் என்று நீயே பார்த்தாய். கோட்டை வாசலில், 'ஏம்ப்பா, மாட்டு வண்டியா ஓட்டுற, வெரசாப் போ' என்று விரட்டினேன். எந்த ஊர் என்றேன், வந்தவாசி என்றான். என்ன ஆளுக என்றேன். 'கார் ஓட்டுற ஆளுங்கதான் ஐயா' என்றான். நானும் மடையன் மாதிரி சிரித்தேன். நம் ஆட்கள் இல்லை என்று இப்போது உன் அம்மா சொல்கிறாள். ஊர் என்ன பேசும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? எனக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை.

லைட்ஹவுஸ் வரிசையில் நிற்க மாட்டேன் என்று நான் கீழேயே இருந்துவிட்டேன் அல்லவா, துணைக்கு அவன் நின்றான். உன் அத்தை ராமுத்தாய் தன் மகன் யோகராஜுக்கு உன்னைக் கேட்பதையும், அவன் குடிக்கிறவன் என்று தெரிந்தும் கூடப்பிறந்தவளிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் நான் தவிப்பதையும் அந்த டிரைவர் பையனிடம் கொட்டினேன். உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. அதோடு விட்டேனா? 'எங்க பிள்ள தனியாக் கெடக்கு தம்பி, அவசரம்னா நீயே வண்டியக் கொண்டா, நம்பிக்கையான ஆளா இருக்க' என்று தோளைத் தட்டிக் கொடுத்தேன். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை முடிவு கேட்டு வருகிறாள்.

இதையெல்லாம்விட ஆறாத ஒன்று இருக்கிறது. மயிலாப்பூரில் நாம் இலை போட்டுச் சாப்பிட்டபோது, அந்தப் பையனையும் கூப்பிடலாமே என்றாள் உன் அம்மா. டிரைவருக்கு ஒரு பொட்டலம் போதும் என்றேன் நான். கார் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டான். நீ கல்லு மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? வீட்டுக்கு வரப்போகிற மருமகனை எந்த மாமனாராவது தெருவில் நிறுத்திச் சோறு போடுவானா? என்னை இப்படிச் செய்ய வைத்துவிட்டாயே, பாவி மகளே!

ராமுத்தாயிடம் நான் பேசிக்கொள்கிறேன். கத்துவாள், கத்தட்டும். அமாவாசை கழித்து அவனைக் கூட்டிக்கொண்டு வா, அவன் தாய் தகப்பனும் வரட்டும். ரயிலில் வாருங்கள், அவன் ஒன்றும் கார் ஓட்ட வேண்டாம். ஸ்டேஷனுக்கு ஜீப்பை நானே எடுத்து வருகிறேன். வந்ததும் நடுவீட்டில் இலை போட்டு அவன் வயிறாரச் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவனைத் திட்டுவேன். நிறையத் திட்ட வேண்டியிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். அவன் கறி தின்பானா, மாட்டானா என்று மட்டும் உன் அம்மாவுக்குச் சொல்லிவிடு.

இன்னும் கோபம் தணியாத உன் அப்பா,
சோலைமலை.