ஒரே பதிவில் ரெண்டு குரல்

கண்ணு பெரியவளே,

நாங்க மூணு பேரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அங்க நல்லா இருக்கணும்னுதான் பொழுது விடிஞ்சா என் முதல் நினைப்பு. அன்னிக்கு போன்ல நான் அரைகுறையா உளறினதைக் கேட்டு நீ வேலை செய்யற இடத்துலயே அழுதியாமே, மாப்பிள்ளை அப்பாகிட்ட சொன்னார். அதான் நடந்தது முழுக்க எழுதறேன், இதைப் படிச்சுட்டு நிம்மதியா இரு.

நம்ம வீடு மேட்டுல இருக்கறதால வெள்ளத்துல தப்பிச்சுது, மத்தவங்களுக்கு வாய்க்காலுக்கு இந்தக் கரையிலயும் அந்தக் கரையிலயும் முகாம் போட்டிருக்காங்கன்னு சொன்னேன்ல, ரெண்டு கரைக்கும் எத்தனை வருஷமா ஆகாதுன்னு உனக்கே தெரியும். நிவாரணக்காரங்க ஒரு நம்பர் கொடுத்திருக்காங்க, யார் காதுல என்ன வதந்தி விழுந்தாலும் அதுக்கு அனுப்பலாம், நாங்க விசாரிச்சு உண்மையைக் குரல் பதிவா எல்லார் போனுக்கும் அனுப்புவோம். இந்தக் கரைக்கு நான், அந்தக் கரைக்கு ஒரு தையல்காரப் பொண்ணு. அப்போ வரைக்கும் முகம் பார்த்ததில்ல, குரல் பழக்கம்தான். வீட்டு வாயாடிக்கு ஊர் வேலை கிடைச்சுடுச்சுன்னு உங்கப்பாவுக்கு ஒரே கிண்டல்.

போன வாரம் மத்தியானம் நம்ம கரை முகாம்ல குழந்தைங்க வரிசையா வாந்தி எடுக்க ஆரம்பிச்சுது. அந்தக் கரைக்காரங்க தண்ணியில எதையோ கலந்துட்டாங்கன்னு போனுக்குப் போன் பரவி, ஆம்பளைங்க கட்டையும் கம்பியுமா பாலத்துக்குக் கிளம்பிட்டாங்க. உன் தம்பியும் போயிட்டான்டின்னு அப்பா ஓடி வந்து சொன்னார். அவனைக் கூப்பிடறேன், எடுக்கவே இல்ல. உடனே தையல்காரிக்குப் போட்டேன். அவளோ எடுத்ததுமே எரிஞ்சு விழறா, உங்க ஆளுங்க கலந்த தண்ணியாலதான் என் புள்ளை சுருண்டு கிடக்குன்னு. எனக்கும் கோவம் பொத்துக்கிட்டு வந்துது, ஆனா அவ குரல்ல இருந்த நடுக்கம் என் நடுக்கம்தான்டி. இங்கயும் குழந்தைங்க வாந்தி எடுத்துப் படுத்திருக்கும்மான்னேன். அப்புறம், உங்களுக்கு எந்த லாரியில தண்ணி வந்துதுன்னு மெதுவா கேட்டா. ரெண்டு கரைக்கும் ஒரே லாரி! டிரைவரைப் போன்ல பிடிச்சு விசாரிச்சா, வெள்ளத் தண்ணியை இறைச்சு ஏத்தின லாரித் தொட்டியைச் சரியா கழுவாம நல்ல தண்ணியை ரொப்பிட்டேன்னு அழறார்.

உடனே நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பேசி ஒரே பதிவா அனுப்பினோம். ரெண்டு கரைப் புள்ளைங்களும் ஒரே தண்ணியைத்தான் குடிச்சிருக்கு, யாரும் எதையும் கலக்கல, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுக் குழந்தைங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கன்னு. அனுப்பிட்டு உன் தம்பிக்கு மறுபடி மறுபடி போன் போட்டுக்கிட்டே இருந்தேன்.

பாலத்துல நடந்ததை உன் தம்பி வாயால கேட்டதுதான். கைகலப்பு ஆரம்பிக்கிற நேரம், எதிர்ல நின்ன ஒருத்தர் போன்ல இந்தப் பதிவைச் சத்தமா வெச்சிருக்கார். எதிரி கையிலேர்ந்து என் குரல் வரவும் இவன் திகைச்சுப் போய், அது எங்கம்மான்னு சொல்லியிருக்கான். அந்த ஆள் இவனை மேலும் கீழும் பார்த்துட்டு, கூடப் பேசறது என் பொண்டாட்டின்னாராம். யாரோ சிரிச்சுட்டாங்களாம். அப்புறம் எங்கேர்ந்து அடிச்சுக்கறது? கம்பியைக் கீழ போட்டுட்டு, அந்த ஆளோட வேன்லயே ரெண்டு கரைக் குழந்தைங்களையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. எல்லாக் குழந்தையும் பொழைச்சுத் திரும்பி வந்தாச்சு. உங்கப்பா உன் தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு, குளியலறைக்குள்ள போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

ஒரே நாள்ல பகை தீர்ந்துடுச்சுன்னு நினைச்சுக்காதே, முறைக்கிறவங்க இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா முந்தாநாள் தையல்காரி புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு நம்ம வீட்டுக்கே வந்தா. குரலை வெச்சு என் வயசுக்காரின்னு நினைச்சிருந்தேன், பார்த்தா உன்னைவிடச் சின்னவ. நான் உங்களைக் குண்டா இருப்பீங்கன்னு நினைச்சேங்கறா, கழுதை.

உனக்கும் ஒண்ணு சொல்றேன், போன்ல எது வந்தாலும் விசாரிக்காம அடுத்தவங்களுக்குத் தள்ளி விடாதே. அந்தப் பல்வலிக்கு நாளைக் கடத்தாம டாக்டரைப் பாரு, மாப்பிள்ளையை விசாரிச்சதா சொல்லு. ரெண்டு பேரும் நூறு வயசு ஒத்துமையா இருக்கணும். உன் தம்பி பக்கத்து ரூம்ல குறட்டை விட்டுத் தூங்கறான், அந்தக் குறட்டைக்கு எத்தனை தடவை கதவைச் சாத்தியிருப்பேன், இப்போ திறந்து வெச்சு உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்டி.

என்றும் உன் நினைப்பாவே இருக்கும்,
அம்மா