பொட்டு வைத்த கட்டில்

ஆவணி 29, திங்கள்

தூறல். வியாழன் முதல் இட ஒதுக்கீட்டு மறியல். பள்ளிக்கூடம் இன்றே லீவு. அப்பாவின் வெல்டிங் பட்டறையில் நான். மலைப் பள்ளி விடுதிக்குப் பத்து இரண்டடுக்குக் கட்டில்.

கான்ட்ராக்டர்: "வெலயும் கம்மியா இருக்கணும், கெட்டியாவும் இருக்கணும், பொதங்கெழம ஏத்தணும் மேஸ்திரி."

அப்பா: "மூணும் ஒரே கட்டில்ல படுக்காதுங்க."

"அப்ப பொட்டு வச்சி பெயிண்ட் அடிச்சிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

பொட்டு என்றால் மூலைக்கு ஒரே ஒரு புள்ளி வெல்டிங். பார்க்க நிற்கும். ஆள் படுத்தால் என்றாவது விடும். அப்பா விலையைக் குறைத்தார், பொட்டுக்கு ஒப்பவில்லை. ஆக, ஓட வேண்டியது நாங்கள்.

30, செவ்வாய்

படுக்கைத் தட்டை முதலில் பொட்டு வைத்து நிறுத்தி, அப்புறம்தான் முழு வெல்டிங். என் வேலை சாக்பீஸ். பொட்டோடு நிற்கும் தட்டுக்கு வட்டம். முழு வெல்டிங் ஆனதும் வட்டத்தை அழித்து டிக். டிக் பார்த்துத்தான் காதர் பாய் பெயிண்ட் அடிப்பார்.

வட்டம், வட்டம், வட்டம். அலுப்பு. ஒன்றுக்குக் கண் வைத்து, கோணல் சிரிப்பு ஒன்று இழுத்தேன். "பாய், இவளுக்குப் பொட்டு வச்சாச்சு, தாலிதான் பாக்கி."

"மொதல்ல ஒன் வாய்க்கு ஒரு வெல்டிங் போடணும்."

31, புதன்

லாரி காலையிலேயே. டிரைவர்: "சாயந்தரம் ரோட்ல மரத்த வெட்டிப் போட்ருவாங்க, ஏத்துங்க!" போயிற்று.

அப்புறம் அப்பா: "ஒரு மேல்தட்டு பாக்கி வச்சிருந்தேனே பாய்?"

"எல்லாத்துலயும் டிக் இருந்திச்சேண்ணே."

"அப்ப நான்தான் முடிச்சிட்டு மறந்துட்டேன் போல."

மறக்கவில்லை. பாய் பார்த்தது டிக் இல்லை, என் கோணல் சிரிப்பு. அப்பாவிடம் சொல்லவில்லை.

புரட்டாசி 1, வியாழன்

விடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"எந்தக் கட்டிலு?"

தெரியாது. பத்தும் ஒரே பச்சை.

பஸ் இல்லை. சுத்தியலோடு சைக்கிள், பின்னால் நான். கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம். மறியல் பையன்கள்.

"இன்னா நைனா, இன்னிக்குமா பொழப்பு?"

மேல்தட்டு விழுந்துவிடும் என்றார் அப்பா.

"உழட்டும் நைனா. அதுக்குத்தான மறியலே!" ஒரே சிரிப்பு. வேறு நாளாக இருந்தால் அந்தச் சிலேடை எனக்கு வராமல் போயிற்றே என்று பொறாமைப்பட்டிருப்பேன்.

"இந்த மேல்தட்டுல படுக்கறது மலப் புள்ளைங்கப்பா."

சிரிப்பு நின்றது. சொன்னவனே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான்.

2, வெள்ளி

ராத்திரி வழியில் ஒரு திண்ணையில். மத்தியானம் விடுதி. அப்பா ஒவ்வொரு மூலையாகச் சுத்தியலால் தட்டினார். கணீர், கணீர். ஏழாவது கட்டில், மேல்தட்டு: தொப்.

அதன்மேல் கோரைப்பாய், தலைக்கு மடித்த பாவாடை. இரண்டு நாளாக ஒருத்தி தூங்கியிருக்கிறாள்.

மூலைக்கு ஒரு அடி. நாலே அடி. தட்டு கையோடு வந்துவிட்டது. அப்பா அதைச் சுவரில் சாய்த்தார்.

வாசலில் ஒரு சின்னப் பெண், எட்டு வயது இருக்கும். பாவாடையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு,

"ஏங்க்கா, என் எடத்த மட்டும் எடுத்துக்கினு போறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும்.